வராத சொல்லை எதைக் கொண்டு அளப்பது?

பாரிசவாதம் வந்தவருக்குப் பேச்சுத் தடுமாறினால், தேயிலைத் தோட்டத்தில் அவரைப் பற்றிய முடிவுகள் உடனே பிறந்துவிடும். புத்தி பிசகிப் போச்சு என்பார்கள் சிலர். வயசாச்சு, மறதி என்பார்கள் வேறு சிலர். நாக்கு இழுத்துக்கிச்சு, தைலம் தடவினா தேறிடும் என்பார்கள் மற்றவர்கள். அவரையே கேட்டால், கேட்கிறவருக்குப் பொறுமையும் இருந்தால், அவர் சொல்வது வேறு: “தெரியுது… வாயில வருதில்ல.”

இவற்றில் மருத்துவ உண்மைக்கு மிக அருகில் நிற்பது நோயாளியின் கூற்றுத்தான். பொருளைத் தெரிகிறது, அதன் பயன் தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை. மூளையின் மொழிப் பகுதிகள் பழுதுபடுவதால் வரும் அஃபேசியாவின் எல்லா வகைகளிலும், கூடவோ குறையவோ, இந்தச் சொல் தேடல் தடுமாற்றம் உண்டு. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை அஃபேசியா பிடிக்கிறது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் ஹாலிஎலையிலும் உள்ள தோட்டங்களில் இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் முதுமை அடைகிறவர்களுக்கு இது தூரத்து நோயல்ல.

இந்தத் தடுமாற்றத்தை அளக்க உலகம் உருவாக்கிய கருவிகள் பல. அவற்றில் எது ஒரு கொழுந்தெடுத்த பெண்ணுக்கு நியாயம் செய்யும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நியாயம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தவறாக அளக்கப்பட்டவர் தவறான சிகிச்சைக்குப் போவார், அல்லது சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

முதலில், எதை அளக்கிறோம்? ஒரு சொல்லைத் தேடி எடுப்பது ஒரே அசைவில் முடிகிற காரியமல்ல. நெதர்லாந்தின் உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் வெளியிட்ட நூலிலும், 1999இல் சகாக்களுடன் எழுதிய நீண்ட கட்டுரையிலும் இதைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கண்ட பொருளை அறிதல் ஒரு படி. அதன் பொருண்மைக்கு உரிய சொல்லைத் தேர்தல் இன்னொன்று. அந்தச் சொல்லின் ஒலிகளை வரிசையாக எடுத்தல் அடுத்தது. அதன் பிறகுதான் வாயும் நாக்கும் வேலைக்கு வருகின்றன. இந்தப் படிகளில் எது உடைந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சொல் வரவில்லை.

ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்து “இது என்ன?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வாய் திறக்காமல் கையை வீசி வெட்டிக் காட்டுகிறார். இன்னொருவர் “அருவா” என்கிறார். மூன்றாமவர் “கத்தி” என்பதை “தக்கி” என்று புரட்டிச் சொல்லி, தவறென்று உணர்ந்து மறுபடி மறுபடி முயல்கிறார். நான்காமவர் “மலையில தேயிலைய மட்டமா வெட்டுவோமே, ஆம்பளைக வெட்டுறது” என்று சுற்றி வளைக்கிறார். ஐந்தாமவர் சற்று முன் சொன்ன “சீப்பு” என்பதையே திரும்பச் சொல்கிறார். சரி, பிழை என்று மட்டும் எண்ணும் தாளில் ஐவருக்கும் பூச்சியம். ஆனால் முதலாமவருக்கும் நான்காமவருக்கும் பொருண்மை பத்திரமாக இருக்கிறது. இரண்டாமவருக்குத் தேர்வு சறுக்கியிருக்கலாம். மூன்றாமவருக்குச் சொல் கிடைத்துவிட்டது, ஒலிகள்தான் இடம் மாறுகின்றன. ஐந்தாமவருக்குப் பழைய பதில் விலக மறுக்கிறது. ஐவருக்கும் ஒரே பயிற்சி பயன்படாது. கொழுந்து நிறுவையில் முள் காட்டுவது எடையை மட்டுமே. கூடையில் இருப்பது இளந்தளிரா முற்றிய இலையா என்று அது சொல்லாது. பெயரிடல் சோதனையின் மொத்தப் புள்ளியும் அப்படித்தான்.

உலகில் மிக அதிகம் பயன்படுத்தப்படும் பெயரிடல் சோதனையை எடுப்போம். பொஸ்டன் நேமிங் டெஸ்ட், எடித் கப்லானும் ஹெரோல்ட் குட்கிளாசும் சான்ட்ரா வைன்ட்ராபும் 1983இல் வெளியிட்டது. கோட்டோவியங்கள் 60. கட்டில், மரம், பென்சில் என்று எளிதில் தொடங்கி அபாகஸில் முடியும். ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடி. வராவிட்டால், படத்தைத் தவறாகக் கண்டவருக்குப் பொருள் குறிப்பும், பிறகு சொல்லின் முதல் ஒலியும் தரப்படும். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பழகிய சொல்லிலிருந்து அரிய சொல்லுக்கு ஏறிச் செல்லும் படிவரிசை, இலேசான தடுமாற்றத்தையும் பிடித்துவிடும். அது பிறந்த சமூகத்தில், பள்ளிப் படிப்பு முடித்த ஆங்கிலக்காரரிடம், அது கூர்மையான கருவி.

பதுளை அடங்கும் ஊவாவுக்குக் கொண்டுவந்தால் அந்தப் படிவரிசையே பொய்யாகிறது. வளர்ந்தவர்களுக்கு 30ஆவது படத்தில் தொடங்குவது விதி. அந்தப் படம் ஹார்மோனிகா. சற்றுத் தள்ளி ஓக் மரக் கொட்டை, எஸ்கிமோக்களின் பனிக்கட்டி வீடு, டொமினோ காய்கள், மின்படிக்கட்டு. ஸ்பிரிங்வெலியில் முப்பது வருடம் நாட்கூலிக்குப் பேர் போட்டு வேலை செய்து ஓய்ந்த ஒருவர், மூளையில் ஒரு கீறலும் இல்லாமலே இங்கு தோற்பார். தோல்விகள் தொடர்ந்தால் சோதனையையே நிறுத்திவிடும் விதியும் உண்டு. ஆனால் அந்த வரிசையில் தொலைவில் வரும் புனலையும் கொளுக்கியையும் அவர் தினமும் கையாண்டவர். எளிது, கடினம் என்று அங்கு வகுத்த கோடு இங்கு வேறு இடத்தில் விழுகிறது. படங்களை மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றலாம். அது பாதிக் குறையைத்தான் தீர்க்கும்.

மீதிப் பாதி, படம் என்ற வடிவத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கல்லின் தென்கரையில் உள்ள ஒரு மீனவச் சமூகத்தில் அலெக்சாண்ட்ரா ரெய்ஸும் சகாக்களும் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் தெரிந்த பெண்களும் ஒரே சூழலில் வாழ்கிறவர்கள், மூளை நோய் இல்லாதவர்கள். உண்மைப் பொருளைக் காட்டியபோது இரு சாராரும் சமமாகப் பெயர் சொன்னார்கள். அதே பொருளைக் கோட்டோவியமாகக் காட்டியபோது எழுத்தறியாதவர்கள் பின்தங்கினார்கள். 2006இல் அதே குழுவினர் படத்துக்கு நிறம் சேர்த்தால் எழுத்தறியாதவர்களுக்குக் கைகொடுக்கிறது என்றும் காட்டினார்கள். தட்டைத் தாளில் கறுப்புக் கோடுகளைப் பொருளாகப் படிப்பது பள்ளிக்கூடம் தரும் பழக்கம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இன்று எழுபது வயதைத் தாண்டிய தோட்டப் பெண்களில் பலர் சில வகுப்புகளோடு நின்றவர்கள், அல்லது பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். பாரிசவாதம் வரும் வயதும் அதுவே. கோட்டோவியத்தைக் காட்டி அவர்களுடைய சொல் வளத்தை அளப்பது, நோயோடு வறுமையையும் சேர்த்து அளந்துவிட்டு மொத்தத்தையும் நோயின் கணக்கில் எழுதுவது. முதல் ஒலியைத் தரும் குறிப்பும் இதே சிக்கலில் மாட்டும். சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் திறன் பெரிதும் எழுத்துப் பயிற்சியோடு வருவது என்பதை ஜோஸே மொறாய்ஸும் சகாக்களும் 1979இலேயே காட்டினார்கள். ஆகவே இங்கு குறிப்பு, ஒலியாக இல்லாமல் முதல் அசையாக இருக்க வேண்டும்.

அன்ட்ரூ கெர்ட்டெஸ் கனடாவில் உருவாக்கி 1982இல் வெளியிட்ட வெஸ்டர்ன் அஃபேசியா பெட்டரி இந்த இடத்தில் மேலானது. அதில் பெயரிடலுக்கு வருவன உண்மைப் பொருள்கள்: கத்தி, கோப்பை, சாவி, சீப்பு, கரண்டி, தீப்பெட்டி போன்ற 20. பார்த்து வராவிட்டால் தொட்டுப் பார்க்க விடலாம், பிறகு முதல் ஒலியைச் சொல்லலாம். சரியான விடைக்கு 3, ஒலி பிறழ்ந்தாலும் அடையாளம் தெரிகிற விடைக்கு 2, குறிப்பின் உதவியால் வந்ததற்கு 1. பிழைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டென்று மதிக்கிற கணக்கு இது. ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்ற பகுதியும் தோட்டத்துக்குப் பொருந்தும்; காட்டுப் பன்றியும் சிறுத்தையும் அங்குள்ளவர்களுக்குப் புத்தகத்தில் வருபவை அல்ல.

ஆனால் அதே பெட்டரியில் பனியின் நிறம் கேட்கப்படுகிறது. ஆங்கிலப் பிள்ளைகள் பாடும் ஒரு பாட்டின் விட்டுப்போன சொல்லை நிரப்பச் சொல்லப்படுகிறது. இவற்றை மாற்றிவிடலாம். கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மாற்றியும் இருக்கிறார்கள். இன்னொரு குறை அவ்வளவு எளிதில் மாறாதது. பேச்சு மொழிப் பகுதிகளைச் சேர்த்து நூற்றுக்கு ஒரு புள்ளி, 93.8க்குக் கீழே என்றால் அஃபேசியா. அந்த எல்லை கனடாவில் வகுக்கப்பட்டது. நோயற்ற ஒரு நமுனுகுலைத் தொழிலாளி எங்கே நிற்பார் என்பதை அந்த எண் சொல்லாது.

மூன்றாவது, மொன்றியலின் மிஷேல் பறடி 1987இல் வெளியிட்ட இருமொழி அஃபேசியா சோதனை. இதற்குத் தமிழ் வடிவம் உண்டு. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வரிக்கு வரி பெயர்க்கக் கூடாது, அந்தந்த மொழியின் இயல்பில் இணையான கேள்விகளை ஆக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. சோதனைக்கு முன், நோயாளி எந்த மொழியை எங்கே, யாரோடு, எந்த வயதிலிருந்து பேசினார் என்று விசாரிக்கும் ஒரு பகுதியே இருக்கிறது. ஊவாவுக்கு இதைவிட அவசியமான கேள்வி இல்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் தமிழ். பஸ்ஸில், கடையில், பொலிசில், ஆஸ்பத்திரியில் சிங்களம். அந்தச் சிங்களமும் விலை கேட்கவும் டிக்கெட் எடுக்கவும் பழகியதே தவிர, வீட்டுச் சாமான்களின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. மறுபக்கம், சிங்களக் கிராமத்தை ஒட்டிய தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் சில சொற்கள் சிங்களத்தில்தான் முந்தி வரும். மூளைப் பழுதுக்குப் பிறகு இரு மொழிகளும் சமமாக மீளலாம், ஒன்று முந்தி மற்றது பிந்தலாம். ஒரு மொழியில் மட்டும் சோதித்து எழுதிய முடிவு பாதி முடிவு.

ஆனால் நல்ல கருவியும் கை மாறும்போது கெடும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் மகனோ பேரப்பிள்ளையோ பக்கத்து வாட்டில் கிடப்பவரோ மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். இதை எந்தச் சோதனையின் குறையையும்விடப் பெரிய குறையாக நான் கருதுகிறேன். அப்பாயி “தக்கி” என்று சொன்னால் பேரன் கத்தி என்றுதான் சிங்களத்தில் சொல்வான். அவனுக்கு அது மரியாதை, பாசம். “அருவா” என்றால், அதுவும் வெட்டுகிறதுதானே என்று சரியாக்கிவிடுவான். “மலையில வெட்டுறது” என்று சுற்றி வளைத்தால், தெரியலையாம் என்று முடித்துவிடுவான். சிகிச்சைக்கு வழி காட்டுவது பிழையின் வடிவம். அதுவே இடையில் தொலைந்துபோகிறது. தாளில் மிஞ்சுவது சரி, பிழை என்ற அடையாளம் மட்டும். தமிழை அரச கரும மொழியாக்கிய 13ஆவது திருத்தம் வந்தது 1987இல். அந்த உரிமையைப் பெரும்பாலும் படிவங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தேடுகிறோம். சொல் இழந்தவரின் சொல்லைச் சோதிக்கும் அறையில் அது மருத்துவத் துல்லியத்தின் பிரச்சினை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், சோதனைகளையே ஒதுக்கிவிடலாமே, நோயாளியோடு உட்கார்ந்து பேசினால் தெரியாதா என்று கேட்கலாம். மனிதத்தன்மையுள்ள கேள்வி. மலையகத்தில் வேலை செய்கிற பலர் இந்தப் பக்கம் சாய்வதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இதை ஏற்க முடியாது, அதற்குக் காரணம் தமிழ்ப் பேச்சின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டே வெகுதூரம் போகலாம். எழுவாய் வேண்டாம், செயப்படுபொருள் வேண்டாம்; “அத எடுத்து அங்கன வச்சிட்டு வா” என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். வினைக்கும் ஒரு மாற்று தயாராக இருக்கிறது: எந்த வினை வராவிட்டாலும் “செய்யிறது”, “பண்றது” என்று சமாளிக்கலாம். ஆகவே பெயர்களைப் பெருமளவு இழந்த ஒருவர் சரளமாகப் பேசுவதுபோலத் தோன்றுவார். பக்கத்தில் மகள் இருந்தால் மீதியை அவளே நிரப்பிவிடுவாள். கிழமைகளை வரிசையாகச் சொல்வதும், சாமிப் பாட்டை அடிபிறழாமல் பாடுவதும், காமன் கூத்துப் பாடலைத் தொடர்வதும் அஃபேசியாவில் பலருக்குத் தப்பிப் பிழைக்கும் திறன்கள். அவற்றைக் கேட்டு ‘பேச்சு திரும்பிருச்சு’ என்று மகிழும் குடும்பம், கடைக்குப் போய் வெங்காயம் என்று கேட்க முடியாமல் அவர் திரும்பி வரும்போது திகைக்கும். உரையாடல் மட்டும் அளவுகோலானால் இலேசான, நடுத்தரமான தடுமாற்றம் கண்ணில் படாது. பயிற்சியால் முன்னேறினாரா என்றும் சொல்ல முடியாது.

சோதனைகள் பெயர்ச்சொல்லிலேயே தங்கிவிடுவதும் ஒரு குறை. பெயர் வந்து வினை வராதவர்கள் உண்டு. இத்தாலியில் கப்ரியேலே மிச்சேலியும் சகாக்களும் 1984இல் இலக்கணச் சிதைவுள்ள நோயாளிகளிடம் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். வினையில் முடிகிற தமிழ் வாக்கியத்தில் வினை வராவிட்டால் வாக்கியம் தொங்கி நின்றுவிடும். கொழுந்து கிள்ளுவதை, நிறுப்பதை, முள்ளுக் குத்துவதை, ரொட்டி தட்டுவதை யாராவது செய்து காட்டி “என்ன செய்யிறாங்க?” என்று கேட்பதற்குச் செலவே இல்லை.

பிழையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்திய பிறகு, அந்த வடிவத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கத்தி’க்கு ‘அருவா’ என்றால் பொருண்மை சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. அல்ஃபொன்சோ கரமாட்சாவும் ஆர்கை ஹில்லிஸும் 1990இல் இரு நோயாளிகளை ஒப்பிட்டு, வாயால் சொல்லும்போது இத்தகைய பிழை செய்தும் சொற்பொருளை முழுமையாக அறிந்திருப்பது சாத்தியம் என்று காட்டினார்கள். ஆகவே பெயரிடலில் தவறிய அதே பொருள்களை விரித்து வைத்து, “கத்திய காட்டுங்க” என்று கேட்டுப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது. இன்னொரு நுட்பமான சோதனையும் உண்டு. டேவிட் ஹவார்டும் வர்ஜீனியா ஓர்ச்சட்-லைலும் 1984இல் ஒரு நோயாளிக்கு வேண்டுமென்றே தவறான முதல் ஒலியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் பக்கத்துப் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டார். தமிழில் நாயைக் காட்டி “பூ…” என்று தொடங்கிக் கொடுத்தால், ஒருவர் “பூனை” என்று சொல்லி அதில் திருப்தியும் அடைந்தால், கோளாறு சொல்லின் ஒலியில் மட்டும் இல்லை. அவரே தலையாட்டி மறுத்தால் பொருண்மை காவல் நிற்கிறது. சில நிமிடங்களில் செய்யக்கூடிய இந்தச் சோதனை, 60 படங்களின் மொத்தப் புள்ளியைவிட அதிகம் சொல்லும் என்பது என் கணிப்பு.

இனி என் முடிவு. கோட்டோவியங்களைக் காட்டிச் சரியான விடைகளை எண்ணும் முறையை ஊவாவின் தோட்டத்து முதியவர்களிடம் பயன்படுத்தக் கூடாது. மாற்றுப் படங்களோடும் வேண்டாம். வெஸ்டர்ன் பெட்டரியின் பெயரிடல் பகுதியில் உண்மைப் பொருளைத் தொடவிடும் முறையும் 3-2-1 கணக்கும் தங்க வேண்டும், பொருள்கள் மாற வேண்டும். படங்கு, மட்டக்கம்பு, கூடைக் கயிறு, தும்புத்தடி, ரொட்டிக் கல், விளக்கு, தீப்பெட்டி, சீப்பு, பூட்டு என்று மலையிலும் லயத்துக் காம்பராவிலும் இருப்பவை வேண்டும். பறடியின் சோதனையிலிருந்து மொழி வரலாற்று விசாரணையை எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு மொழிகளிலும் சோதிக்கும் கடப்பாட்டையும் சேர்த்து. ஒரு பொருளுக்கு வீட்டில் வழங்கும் எந்தப் பெயரும், அது சிங்களமோ ஆங்கிலத்திலிருந்து வந்ததோ, சரியான விடைதான். உரையாடலைத் தனியே பதிவுசெய்து இரண்டாவது சாட்சியாக வைக்க வேண்டும், முதல் சாட்சியாக அல்ல.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு விலை உண்டு. இப்படிக் கட்டிய பொருள் வரிசையில் ஒருவர் பெறும் புள்ளியைக் கொழும்பிலோ சென்னையிலோ பெறும் புள்ளியோடு ஒப்பிட முடியாது. ஆய்வுக்கு அது நட்டம். ஆனால் பிழையான எண்களை ஒப்பிட முடிவது இலாபமாகாது. வேறொரு ஆட்சேபம் கனமானது: உள்ளூர்ப் பொருள்கள் என்பதாலேயே அவை மிக எளிதாகி, இலேசான தடுமாற்றம் தப்பிவிடாதா? தப்பும். அதைத் தடுக்க ஒரே வழி, அதே தோட்டத்தில் அதே வயதும் படிப்பும் உள்ள, நோயற்றவர்களிடம் அந்த வரிசையை முதலில் கொடுத்துப் பார்ப்பதுதான். அவர்களுக்கு உடனே வருபவை எவை, சற்று யோசித்துச் சொல்பவை எவை என்று தெரிந்தால் உண்மையான படிவரிசை ஒன்று கிடைக்கும். எவ்வளவு நேரத்தில் பெயர் வந்தது என்பதையும் குறித்துக்கொண்டால் இலேசான தடுமாற்றம் ஒளிய இடமிருக்காது. லயத்தில் இதற்கு ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பட்டப்படிப்பு மாணவரின் ஆய்வுக்குள் அடங்கக்கூடிய வேலை.

யார் செய்வது? இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கும் பணி ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997இல் தொடங்கியது. அந்தத் துறைக்கு மலையகத் தமிழ் மாணவர்கள் போக வேண்டும்; போகிறவர்கள் ஊவாவுக்குத் திரும்ப நியமனம் வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சு தானாக அதிகம் மீள்வது முதல் மூன்று மாதங்களில், ஆண்டுகளில் அல்ல. லுணுகலையிலிருந்து நோயாளியோடு பஸ் பிடித்து கிளினிக்குக்கு வரும் மகளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, அரைப்பேரும் கிடையாது. இரண்டு முறை வரச் சொல்வதே பெரிய கேள்வி. ஆனால் ஒரு நாள் வந்த சொல் மறுநாள் வராமல் போவது அஃபேசியாவின் இயல்பு என்பதால், ஒரே அமர்வை நம்பி அளவிட முடியாது.

அதனால் இரண்டாவது அமர்வைத் தோட்டத்திலேயே நடத்தலாம். பொருள்கள் அங்குதான் இருக்கின்றன. தோட்ட மருத்துவ உதவியாளரோ, குடும்பத்தில் பொறுமையுள்ள ஒருவரோ, பொருளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, 20 விநாடி வாய் மூடிக் காத்திருந்து, பிறகு முதல் அசையைக் கொடுத்து, நடப்பதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதும். திருத்த வேண்டாம், மொழிபெயர்க்க வேண்டாம், வேறு உதவியும் வேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு சிகிச்சையாளர் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பதிவைக் கேட்டு, “தக்கி” என்பதை “தக்கி” என்றே எழுதிக்கொள்ள முடியும். பதிவு தொடங்குமுன் கண்ணில் வெண்புரை இருக்கிறதா, வலப்பக்கப் பார்வை போயிருக்கிறதா, காது கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்வையின் குறையும் செவியின் குறையும் சொல்லின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும்.